கடைமடை வீட்டுக்கு எந்த இணையம்?

"மாமா, இன்றைக்குத் தேதி ஒன்பதுதான். அதற்குள் இந்த மாத இணையம் தீர்ந்துவிட்டது" என்று மருமகள், என் தங்கையின் மகள், மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனில் சொன்னாள். தங்கையின் வீடு திருக்குறுங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்து வாழைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு காட்டும்; பல நேரம் அதுவும் இராது. அதனால் மைத்துனர் ஒரு நிறுவனத்திடம் செயற்கைக்கோள் இணைப்பு வாங்கி மாடியில் தட்டு வைத்தார். மாதம் 40 ஜிபி. அது முடிந்துவிட்டால் அடுத்த ஒன்றாம் தேதி வரை 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு எட்டு கிலோபைட். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடம் ஆகும். அன்று அவளுக்கு வேண்டியிருந்தது குரூப் 4 தேர்வின் ஹால் டிக்கெட். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று இணையதளம் அவளை வெளியே தள்ளியது. மறுபடி உள்ளே போனால் மறுபடியும் அதே கதி. கடைசியில் இரவு பத்தரை மணிக்கு மைத்துனர் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு, கரடி இறங்குகிற தடத்தின் வழியே ஊருக்கு வந்தார். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் அதை எடுத்தார்கள்.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். இருந்தும், அந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று ஒருநாளாவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்காதது என் தவறு. அந்த இரவுக்குப் பிறகு போட்ட கணக்கையும், வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். மலையடிவாரத்திலும் தேரிக்காட்டிலும் இதே குழப்பத்தில் இருக்கும் குடும்பங்கள் பல என்பது என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

குளமும் கிணறும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். அளவு குறைந்த திட்டத்தை வாங்கப் போகிறவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் கேட்க வேண்டியது, கொடுக்கிற அளவு எப்போது மறுபடி நிரம்பும் என்பது.

செல்போன் சிம்மில் நாளுக்கு 2 ஜிபி திட்டம் கிணறு மாதிரி. இன்று வற்ற இறைத்தாலும் இரவில் ஊறிவிடும். நள்ளிரவு தாண்டினால் புது 2 ஜிபி. 28 நாளைக்குக் கூட்டினால் 56 ஜிபி. தங்கை வீட்டுச் செயற்கைக்கோள் திட்டம் குளம். மாதத்துக்கு ஒருமுறை நிரம்பும். மடையைத் திறந்துவிட்டு யாராவது தூங்கிப்போனால் மிச்சமுள்ள நாளெல்லாம் பயிர் காய வேண்டும். 40, 56 என்ற எண்களைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். புழக்கத்தில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். பிள்ளைகளும் விருந்தாளிகளும் உள்ள வீட்டுக்குத் தினசரி அளவுதான் பாதுகாப்பு. தவறு நடந்தாலும் அது ஒருநாளோடு போய்விடும். ஒரே நாளில் ஆறு ஜிபி இறக்கிவிட்டு மற்ற நாட்களில் இணையத்தைத் தொடாதவருக்கு வேண்டுமானால் மாத அளவு சரிப்படும்.

அளவு தீர்ந்த பின் என்ன வேகம் என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த வேகம் 2 எம்பிபிஎஸ், அதாவது 2,000 கேபிபிஎஸ், என்றால் வகுப்பு கேட்கலாம், பணம் அனுப்பலாம், விண்ணப்பம் போடலாம். 64 கேபிபிஎஸ் என்றால் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். பெயரளவில் இணைப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

யார் குடித்தது?

ஒன்பது நாளில் 40 ஜிபி எங்கே போனது? வீட்டில் எல்லோருடைய விரலும் மருமகளை நோக்கி நீண்டது. படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீடியோ பார்க்கிறாள் என்று தங்கை ஏசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய், ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை எடுத்தேன். நான்கு செல்போன், ஒரு லேப்டாப், ஒரு கேமரா. ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு எண் ஓடுகிறதா என்று பார்த்தேன். எல்லாப் போன்களையும் அணைத்த பின்னும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

கேமராதான். காட்டுப்பன்றி வாழைக்கன்றைக் கிண்டிப் போடுகிறது என்று தோட்டத்து மூலையில் மைத்துனர் மாட்டியது. தெளிவைக் குறைத்துத்தான் வைத்திருந்தார். 350 கேபிபிஎஸ்சுக்கு மேல் போகாது. ஆனால் பகலிரவாக, ஒரு நொடி விடாமல், படத்தை எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டால் நாளுக்கு 3.8 ஜிபி. ஒன்பது நாளில் 34 ஜிபி. இறக்குவதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தார் மைத்துனர். ஏற்றுவதும் அதே 40-லிருந்துதான் கழியும். தெளிவைக் கூட்டி 1 எம்பிபிஎஸ் என்று வைத்திருந்தால் நாளுக்கு 10.8 ஜிபி போய், நான்காம் நாளே குளம் வறண்டிருக்கும். நான்கு மனிதர்கள் ஒன்பது நாளில் செலவழித்தது மொத்தம் ஆறு ஜிபி. அதில் அந்தப் பெண்ணின் பங்கு இரண்டுகூட இராது.

அவளிடம் தங்கை அன்றே மன்னிப்புக் கேட்டாள். நான் இதை விரித்து எழுதுவதற்கும் அதுதான் காரணம். அளவு தீர்ந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளைகள்மீதுதான் பழி விழுகிறது. ஏசுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எந்தக் கருவி குடிக்கிறது என்று பாருங்கள்.

கேமராவுக்குள் 64 ஜிபி மெமரி கார்டு போட்டோம். பதிவு அதிலேயே நடக்கும். பதினாறு நாள் வரை தாங்கும். ஏதாவது அசைந்தால் மட்டும் ஒரு சிறு துண்டை அனுப்பும்படி மாற்றினோம். போன்களில் புகைப்படம் தானாக மேலே ஏறுவதையும் செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தினோம். வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் வீடியோவையும் நிறுத்தினோம். லேப்டாப்பில் இந்த இணைப்பை 'அளவுள்ள இணைப்பு' என்று குறித்துவிட்டால் விண்டோஸ் தன் பெரிய புதுப்பிப்புகளைத் தள்ளி வைத்துக்கொள்ளும்.

வீடியோவில் தெளிவு ஒன்றை மாற்றினாலே போதும். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்குப்படி, உயர் தெளிவில் ஒரு மணி நேரம் பார்க்க 3 ஜிபி வரை ஆகும். மிகக் குறைந்த தெளிவில் 0.3 ஜிபி. பத்து மடங்கு வித்தியாசம். கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் வகுப்புக்கு 360பி என்ற தெளிவே தாராளம். முழுநீள வகுப்புகளை மருமகள் வாரம் ஒருமுறை களக்காட்டில் தோழி வீட்டுக்குப் போகும்போது இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

இத்தனையும் செய்தபின் அடுத்த மாதம் 40 ஜிபியில் 17 மிச்சம். ஆக, எந்த இணைப்புக்கு மாறலாம் என்று யோசிப்பதற்கு முன் இருப்பதை ஒரு மாதம் அடைத்துப் பாருங்கள். ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு பெரிய குடம் தேடுவதில் காசுதான் போகும்.

தட்டு எதைப் பார்க்கிறது

அளவுப் பிரச்சினை தீர்ந்தாலும் செயற்கைக்கோள் இணைப்பில் தீராத ஒன்று உண்டு. அது தூரம். தங்கை வீட்டுத் தட்டு பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கிறது. நாம் அனுப்பும் கேள்வி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதிலும் அப்படியே. நான்கு நடை சேர்த்தால் ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். படம் பார்க்க அது தெரியாது. நேரலை வகுப்பில் தெரியும்: ஆசிரியர் கேட்கிறார், இவள் பதில் சொல்லத் தொடங்குகிறாள், அதற்குள் அங்கே வேறு பிள்ளை பேசிவிடுகிறது. இரண்டு மாதத்தில் அவள் வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு ஜிபி கணக்கைவிட இதுதான் மனதை உறுத்தியது.

மழை அடுத்த தொல்லை. ஆனிச் சாரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழைக்கு இணைப்பு கால் மணி, இருபது நிமிடம் அறுந்துவிடும். அதிக அலைவரிசையில் ஓடும் கேஏ பேண்ட் சேவைகளை மழை இன்னும் கூடுதலாகப் பாதிக்கும்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு மிக அருகில், சுமார் எட்டே முக்கால் டிகிரி வடக்கில் இருக்கிறது. இந்திய இணையச் சேவைக்குப் பயன்படும் ஜிசாட்-11 கிழக்கு 74 டிகிரியில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. தென்னையும் பனையும் சூழ்ந்த வீடானாலும், உச்சி வானத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தால் போதும்.

ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள்களுக்கு இது நேரெதிர். அவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தாமதம் அரை நொடியிலிருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்; நேரலை வகுப்பு நன்றாக நடக்கும். ஆனால் அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. தட்டு ஒன்றை விட்டு ஒன்றைத் துரத்திப் பிடிக்க வேண்டும், அதற்கு அகன்ற வானம் வேண்டும். தோப்புக்குள் வீடு என்றால் ஒவ்வொரு தென்னந்தலையும் ஒரு தடங்கல். தட்டுக்கே 75 முதல் 100 வாட் மின்சாரம் ஆகும். சாதாரண ரூட்டருக்கு 10 வாட்தான். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரியை இது எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. உரிமம் கிடைப்பது வேறு, நம் மாடிக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்து சேர்வது வேறு. வளைகுடாவில் இருக்கும் உறவினர் கருவியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார் என்று ஏர்வாடியிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். தயவுசெய்து வேண்டாம். இங்கே முறையாகப் பதிவாகாத செயற்கைக்கோள் கருவியை இயக்குவது சட்டப்படி குற்றம்.

பம்புசெட் கூரையில் ஒரு குழாய்

செயற்கைக்கோளைவிட நான் அதிகம் நம்புவது செல்போன் சிக்னலை. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றால் அந்த நிலத்திலேயே சிக்னல் இல்லை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். தங்கை வீட்டில் நான் செய்தது இதுதான். சிம் போடும் 4ஜி ரூட்டர் ஒன்றையும், வெளியே மாட்டும் திசை ஆன்டெனா ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால், சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் வரும். அது கழித்தல் குறியோடு இருக்கும். பூஜ்யத்தை நோக்கி வர வர நல்லது. வீட்டுக் கூடத்தில் மைனஸ் 118. அதில் ஒன்றும் ஓடாது. மாடியில் மைனஸ் 110. தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வீட்டிலிருந்து நாற்பது அடியில், பம்புசெட் இருக்கிறது. அதன் கூரையில் இருபதடி இரும்புக் குழாயை நட்டு ஆன்டெனாவை ஊர்ப்பக்கம் திருப்பினேன். மைத்துனர் குழாயைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் திருப்ப, நான் கீழே நின்று எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். 107, 104, 101. ஓரிடத்தில் 97 வந்தது. அங்கேயே போல்ட்டை முடுக்கினோம்.

மைனஸ் 97 ஒன்றும் பிரமாதம் அல்ல. ஆனால் 12 எம்பிபிஎஸ் வந்தது. மாலை ஏழு மணிக்கு ஊரே போனைக் கையில் எடுக்கும்போது 4 ஆகக் குறையும். நேரலை வகுப்புக்கு 4 போதும். தாமதம் அரை நொடியெல்லாம் இல்லை. அந்த வாரமே அவள் வகுப்பில் கேள்வி கேட்டாள்.

குழாய் நடுகிறவர்களுக்கு மூன்று செய்தி. ஆன்டெனாவிலிருந்து ரூட்டருக்கு வரும் வயர் நீளமானால் வாங்கிய சிக்னலை அதுவே தின்றுவிடும். நான் ரூட்டரைப் பம்புசெட்டுக்குள்ளேயே வைத்து, அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண நெட்வொர்க் வயர் இழுத்தேன். குழாய்க்கு எர்த் கட்டாயம். இடி விழுந்தால் ரூட்டரோடு மோட்டார் ஸ்டார்ட்டரும் போய்விடும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே அடிக்கும் காற்றுக்கு மூன்று பக்கமும் இழுவைக் கம்பி கட்டாவிட்டால் ஆன்டெனா திசை மாறிவிடும். கடைகளில் 'பூஸ்டர்' என்று விற்கும் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். சுற்றியிருப்பவர்களின் சிக்னலையும் அது கெடுக்கும். வெறும் ஆன்டெனா அந்த வகையில் சேராது.

எந்த நிறுவனத்து சிம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிடைக்கிற எல்லா சிம்மையும் அதே குழாயடியில் போட்டுப் பாருங்கள். பிஎஸ்என்எல்லை ஒதுக்க வேண்டாம்; உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிவைக்கப்பட்டது.

காற்றில் வருவதும் வயரில் வருவதும்

ஜியோவும் ஏர்டெல்லும் 2023-ல் தொடங்கிய, செல்போன் கோபுரத்திலிருந்து வயரில்லாமல் வீட்டுக்கு வரும் ஏர்ஃபைபர் சேவைக்கு நான் அதிகம் எழுதத் தேவையில்லை. கோபுரம் அருகில் இருந்தால் அருமை, இல்லாவிட்டால் கிடையாது. வழக்கமான திட்டங்களில் மாதம் 1,000 ஜிபி. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள் முதலில் இதைக் கேட்கலாம். மலை மறைக்கும் அடிவாரத்துக்கு இது எட்டுவது அபூர்வம். சொல்லும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஃபைபர் வயர். பிஎஸ்என்எல்லின் அடிப்படைத் திட்டத்தில்கூட 3,300 ஜிபி கொடுத்திருக்கிறார்கள். 40-க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் கேமரா, வகுப்பு, சினிமா எதற்கும் கணக்கே வேண்டாம். வயர் உங்கள் வீடு வரை வருமா என்பதுதான் கேள்வி. அதை வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டுப் பயனில்லை. ஊர் கேபிள் டிவிக்காரரிடம் கேளுங்கள். வயர் எந்தக் கம்பம் வரை வந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பிறகு ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலை தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி வரை வந்துவிட்டதா, அங்கிருந்து வீடுகளுக்குக் கொடுக்கிறார்களா என்பதை நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

ஊரைப் பொறுத்தது

கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று தாமிரபரணிக் கரையில் வீடு வைத்திருக்கிறவர்கள் ஃபைபரைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் தட்டையான நிலம். சிக்னலை மறிக்க மலை இல்லை. அங்கே குழாயும் ஆன்டெனாவும் எங்கள் வீட்டைவிட நன்றாகவே வேலை செய்யும். களக்காடு முதல் பாபநாசம் வரையுள்ள அடிவாரத்தில் முதலில் குழாய். அதில் மைனஸ் 110-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் மட்டும் செயற்கைக்கோள்.

மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று போய்விட்டால் கணக்கு மாறிவிடுகிறது. காரையாறு அணையைப் படகில் தாண்டிக் காட்டுக்குள் நடக்க வேண்டிய இஞ்சிக்குழி போன்ற காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கும் அப்படித்தான். இவை இருக்கும் புலிகள் காப்பகத்துக்குள் வயர் இழுக்கவும் கோபுரம் நடவும் வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே செயற்கைக்கோள்தான் வழி. ஆனால் வீட்டுக்கு ஒன்று என்று வைத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ ஒரே தட்டு, ஒவ்வொரு போனுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அளவு வைக்கும் ரூட்டர், பார்த்துக்கொள்ள ஒருவர். வயலில் முறைத்தண்ணீர் விட ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பதைப் போல. முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகளின் விண்ணப்பம், மருத்துவரிடம் பேசுவது ஆகியவற்றுக்கு முதல் முறை. மிச்சமிருந்தால் மற்றவை.

எங்கே இருந்தாலும் ஒரே வகை இணைப்பை மட்டும் நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது, வயரும் போனது, கோபுரங்களும் மின்சாரம் இல்லாமல் அடங்கின. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லவே பலருக்கு நாள்கணக்காயிற்று. ஃபைபர் இருக்கிற வீட்டில் வேறு நிறுவனத்து சிம் ஒன்று, சிம்மை நம்பும் வீட்டில் இன்னொரு சிம் என்று வைத்துக்கொள்வதற்குப் பெரிய செலவில்லை.

தங்கை வீட்டில் செயற்கைக்கோள் இணைப்பைப் போன மாதம் நிறுத்திவிட்டோம். தட்டு இன்னும் மாடியில் இருக்கிறது. பம்புசெட் ரூட்டரில் நாளுக்கு 2 ஜிபி. இரவு பதினொரு மணிக்கே தீர்ந்துபோகும் நாட்கள் உண்டு, அதற்காக இப்போது யாரும் யாரையும் ஏசுவதில்லை. இதற்கிடையே திருக்குறுங்குடி கேபிள்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: தோட்டத்துப் பாதையில் ஆறு வீடு சேர்ந்தால் ஃபைபரை அங்கே வரை இழுத்துத் தருவதாக. மருமகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நான்கு கையெழுத்து வாங்கிவிட்டாள். ஐந்தாவது வீட்டுக்காரர் வாழைத்தார் வெட்டு முடியட்டும் என்கிறார். ஆறாவது வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருக்கிறார். மகன் மும்பையில். வீடியோவில் பேரனைப் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மகனிடம் கேட்டுச் சொல்வதாக வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.